சாவை நினைக்கும் தியானங்கள்: யாருக்கு எது பொருந்தும்?

சாவு பயம் தணியத் தியானம் உதவுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு வகை. உடம்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் நடுராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டி நெஞ்சு படபடக்கிறது என்பவர் ஒருவர். கையில் பயாப்சி ரிப்போர்ட்டோடு நிற்பவர் இன்னொருவர். அம்மாவோ கணவரோ படுக்கையில் கிடக்க, கூட இருந்து பார்த்துக்கொள்பவர் மூன்றாமவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவெல்லாம் ஊருக்குப் போன பிறகு வெறிச்சோடிய வீட்டில் உட்கார்ந்திருப்பவர் நான்காமவர். நால்வரிடமும் "கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்" என்று ஒரே பதிலைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு அது மருந்து, இன்னொருவருக்கு வாதை.

எது ஆழமான பயிற்சி, எது பழமையானது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சாவு உங்களுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, உங்கள் மூச்சும் முதுகும் இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்ற இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள்.

முதலில் ஒரு சொல் சிக்கல். பாலி மொழியில் 'சதி' என்றால் நினைவில் வைத்திருத்தல். வடமொழி 'ஸ்மிருதி'யின் உடன்பிறப்பு. பௌத்தர்கள் 'மரணசதி' என்று சொல்வதை அப்படியே தமிழில் எழுதினால் துப்பறியும் கதைத் தலைப்பாகிவிடும். அதனால் இங்கே 'மரண நினைவு'. இன்று ஆஸ்பத்திரிகளிலும் செல்போன் ஆப்களிலும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று புழங்குவதும் இதே 'சதி'தான், ஆனால் அதில் மரணத்தை விட்டுவிட்டுக் கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம், சாவை வேண்டுமென்றே மனத்துக்குக் கொண்டுவரும் பயிற்சிகள். மறுபக்கம், சாவின் பெயரையே எடுக்காமல் கவனத்தை மட்டும் பழக்கும் பயிற்சிகள். பயம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பவர் அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. அவருக்கு இரண்டாவது பக்கம். முதல் பக்கம், பொதுவாக, உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு.

ஒரு கவளம், ஒரு மூச்சு

மரண நினைவுக்கு மூலமாக இருப்பது, புத்தரின் உரைகளைக் கொண்ட பாலித் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வரும் ஓர் உரையாடல். நாதிகா என்ற ஊரில், செங்கல் மண்டபத்தில், துறவிகளிடம் புத்தர் கேட்கிறார்: மரணத்தை எப்படி நினைக்கிறீர்கள்? ஒருவர், இன்னும் ஒரு பகலும் இரவும் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன் என்கிறார். ஒருவர் ஒரு பகல் என்கிறார். ஒருவர் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம், ஒருவர் நாலைந்து கவளம், ஒருவர் ஒரே கவளம், கடைசியாக ஒருவர் ஒரு மூச்சு. ஒரு கவளமும் ஒரு மூச்சும் சொன்ன இருவர் மட்டுமே விழிப்போடு இருக்கிறார்கள், மற்றவர்கள் மெத்தனமாக இருக்கிறார்கள் என்று புத்தர் சொல்லிவிடுகிறார்.

பழகத் தொடங்குபவருக்கு மூச்சைவிடக் கவளமே பாதுகாப்பானது. கைக்கும் நாக்குக்கும் வேலை இருப்பதால் மனம் அடுத்த வருஷத்துக்கும் ஐசியு வாசலுக்கும் ஓடாது. ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதிலும் முதல் மூன்று கவளம் மட்டும் போதும். எடுக்கும்போது, "இதை மென்று விழுங்கும் வரை உயிர் இருந்தால், அதற்குள் இதை முழுசாக உணர்வேன்" என்று நினைத்துக்கொண்டு, சூடு, உப்பு, பல்லில் படும் பருக்கை, தொண்டையில் இறங்கும் இடம் வரை கவனிக்க வேண்டும். டிவி அணைந்திருக்க வேண்டும். நான்காவது கவளத்திலிருந்து வழக்கம்போல் சாப்பிடலாம். இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு மூச்சுக்கு வரலாம். முதுகு நேராக, பத்து நிமிடம். மூச்சு வெளியே போகும்போது "மரணம் வரும்", உள்ளே வரும்போது "இப்போது இருக்கிறேன்". வெளிமூச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சின்ன இடைவெளி ஒன்று உண்டு. அதைக் கவனித்தால் போதும். நீட்டிப் பார்க்கக் கூடாது.

தவறு நடப்பதே அங்கேதான். இடைவெளியில் மூச்சைப் பிடித்துவிட்டு, அப்புறம் பெரிதாக இழுப்பார்கள். பத்துப் பதினைந்து தடவை அப்படி நடந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி, உதடு எல்லாம் மதமதக்கும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு இறுகும். சாவை நினைத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பும் சாவது போலக் காட்டினால் பயம் தணியவா செய்யும்? உடனே கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, அறையில் நீல நிறத்தில் இருக்கும் பொருள்களை எண்ணுங்கள். சில நிமிடங்களில் அடங்கும். அடங்காமல் நெஞ்சுவலி கைக்கும் தாடைக்கும் பரவினால் அது தியானச் சமாச்சாரம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுர மகாவிகாரையில் விசுத்திமக்கம் என்ற தியான நூலைத் தொகுத்த பௌத்தத் துறவி புத்தகோசர், இந்தப் பயிற்சி எங்கெங்கே பிசகும் என்று எழுதிவைத்த பட்டியல் இன்றைக்கும் பொருந்துகிறது. அன்பானவர் சாவை நினைத்தால் துக்கம் வரும், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு வருவதுபோல. பகையாளி சாவை நினைத்தால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்க்கும். சம்பந்தமில்லாதவர் சாவை நினைத்தால் ஒன்றுமே உறைக்காது, தினம் பிணம் எரிப்பவருக்கு உறைக்காததுபோல. தன் சாவை நினைத்தால், கொலைகாரனை எதிரில் கண்ட கோழைபோலக் கிலி பிடிக்கும். பத்து நாள் பழகிவிட்டு "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்பவர் இந்த நான்கில் ஒன்றில்தான் மாட்டியிருப்பார். எதில் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிலி பிடித்தவர் கவளத்துக்குத் திரும்ப வேண்டும். ஒன்றுமே உறைக்காதவர், நன்றாக வாழ்ந்து முடித்த, தனக்குக் கொஞ்சம் பழக்கமான ஒருவரை நினைத்துத் தொடங்க வேண்டும்.

நாதிகாவிலேயே சொல்லப்பட்ட இன்னொரு உரையில் மாலைநேர வடிவம் ஒன்று இருக்கிறது. நடுராத்திரி விழிப்பவர்களுக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது இதைத்தான். பகல் போய் இருட்டும்போது, எனக்குச் சாவு வரப் பல வழி உண்டு என்று எண்ண வேண்டும்: பாம்பு, தேள், பூரான், கால் தடுக்கி விழுதல், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமை, பித்தம், கபம், வாதம். நம் பங்குக்குக் குளியலறை ஈரத்தரையையும் ஹெல்மெட் போடாத பயணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஒரு கேள்வி: இன்று இரவே போனால் எது பாக்கி? மூலத்தில் அந்தப் பாக்கி என்பது மனத்தில் விடாமல் வைத்திருக்கும் கெட்ட குணங்கள். தலையில் தீப்பிடித்தவன் அணைக்கும் வேகத்தில் அவற்றை விடச் சொல்கிறார் புத்தர். இல்லறத்தாருக்குப் பாக்கி இன்னும் நீளம். பேசாமல் விட்ட தம்பி, எழுதாத உயில், மனைவிக்குத் தெரியாத கடன்.

ஒரு தாளில் ஒரு பாக்கியை மட்டும் எழுதி, மறுநாள் அதற்கு ஒரு வேலை செய்ய வேண்டும். இரவு நேரத்துச் சாவு பயத்தில் கணிசமான பங்கு இந்தப் பாக்கிகள்தான் என்பது எங்கள் கணிப்பு. இந்தியாவில் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். பதிவு கட்டாயமில்லை. பேங்க் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டும், அதனால் வாரிசுரிமை மாறாது. இதைக்கூடத் தியானத்தில் சேர்ப்பீர்களா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும்.

தினம் இரண்டு நிமிடம்

மேலே சொன்னதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு, அதே நிகாயத்தில், துறவிக்கும் இல்லறத்தாருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவென்று சொல்லப்பட்ட ஐந்து வாக்கியங்கள் உண்டு. மூப்பு எனக்கு இயல்பு, அதிலிருந்து தப்ப முடியாது. நோய் எனக்கு இயல்பு. சாவு எனக்கு இயல்பு. எனக்குப் பிரியமான எல்லாவற்றையும் எல்லாரையும் பிரிவேன். என் செயல்களுக்கு நானே சொந்தக்காரன். காலையில் பல் துலக்கிய கையோடு சொல்லலாம். மறுபிறவியில் நம்பிக்கை இல்லாதவருக்கும் ஐந்தாவது வாக்கியம் உறுத்தாது.

மூன்று வாரத்தில் இது வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஆகிவிடும் என்பதுதான் குறை. ஒரு நாளைக்கு ஒரே வாக்கியம் என்று பிரித்து, நான்காவது நாளில் ஒரு குறிப்பிட்ட முகத்தை மனத்தில் வைத்து, அன்று அந்த ஆளோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டால் உயிர் வரும். புதிதாகத் துக்கத்தில் இருப்பவர் நான்காவதைத் தொடவே வேண்டாம், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது அது.

சுடுகாட்டு வரிசை

கவனப் பயிற்சி பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரத்தில் ஒன்பது படிகளாக வரும் பயிற்சி: இரண்டு மூன்று நாளான, ஊதி நீலம் பாரித்த உடல், காக்கையும் நாயும் தின்னும் உடல், சதையும் ரத்தமும் ஒட்டிய எலும்புக்கூடு, இப்படியே போய், சங்குபோல் வெளுத்த எலும்பு, ஒரு வருஷம் கடந்த எலும்புக் குவியல், கடைசியில் பொடி. ஒவ்வொன்றிலும் "என் உடம்பும் இந்த இயல்புடையதே, இதைக் கடந்ததில்லை". இணையத்தில் இதைத்தான் 'உண்மையான' மரணத் தியானம் என்று சிலர் தூக்கிப்பிடிக்கிறார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடும் கதை ஒன்று பௌத்த நூல்களிலேயே இருக்கிறது. வைசாலியில், மகாவனத்துக் கூடத்தில், உடம்பின் அருவருப்பை நினைக்கும் தியானத்தைப் புத்தர் புகழ்ந்துவிட்டு அரை மாதம் தனிமைக்குப் போனார். திரும்பி வந்தபோது துறவிகள் கூட்டம் மெலிந்திருந்தது. உடம்பின் மேல் வெறுப்பு முற்றிப் பலர் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழி சொல்லுங்கள் என்று சீடர் ஆனந்தர் கேட்டபின் புத்தர் கற்பித்தது மூச்சைக் கவனிக்கும் தியானம். எந்தப் பயிற்சி யாருக்கு என்ற கேள்விக்கு இதைவிடப் பழைய எச்சரிக்கை எங்களுக்குத் தெரியாது. மனச்சோர்வு வந்து போனவர், சாப்பாட்டின் மேலும் உடம்பின் மேலும் வெறுப்புள்ளவர், புற்றுநோயில் தன் உடம்பே மாறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாரும் இதை எடுக்கக் கூடாது. மற்றவர்களும் பழகிய ஆசிரியர் நேரில் இருந்தால் மட்டும்.

எட்டு வாரமா, பத்து நாளா?

சாவின் பெயரை எடுக்காத பயிற்சிகளில் இரண்டு பரவலாகக் கிடைக்கின்றன. ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி எட்டு வாரம் நடக்கும். வாரம் ஒருமுறை சுமார் இரண்டரை மணி நேர வகுப்பு, நடுவில் ஒரு முழுநாள், வீட்டில் வாரம் ஆறு நாள் முக்கால் மணி நேரம். படுத்தபடி உடம்பைக் கால் விரலிலிருந்து தலைவரை கவனத்தாலேயே வருடிப் பார்ப்பது, உட்கார்வது, மெதுவான யோகா. கட்டணம் உண்டு. இன்னொன்று, எஸ். என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் விபசனா தியான முகாம், பத்து நாள். மகாராஷ்டிராவின் இகத்புரி தலைமையிடம், சென்னையில் திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முன்பு படித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும், ஒன்பது நாள் மௌனம். முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாளிலிருந்து உடம்பின் உணர்ச்சிகள்.

கட்டணம் இல்லை என்பதற்காகப் பத்து நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் ஊரில் வழக்கம். அடுத்த வாரம் கீமோ இருப்பவருக்கும், போன மாதம் மகனை இழந்தவருக்கும் அது தவறான தேர்வு. மௌனத்தில் ஐந்தாம் நாள் உடைந்து அழும்போது பேச வீட்டு ஆள் இல்லை. நடுவில் எழுந்து வந்தால் "இதிலும் தோற்றேன்" என்ற பாரம் வேறு. எட்டு வார வகுப்பில் இரவு வீட்டுக்குப் போகலாம், ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் வரலாம், நோயாளிக்கு அதுதான் பெரிது. உடம்பு திடமாக இருந்து, பயம் பொதுவானதாக இருந்து, பத்து நாள் விடுப்பும் கிடைப்பவருக்கு முகாம் நல்ல வழி.

திருவண்ணாமலை வழியையும் இங்கே சிலர் கேட்பார்கள். 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், பதினாறு வயது வேங்கடராமனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. கை கால் விறைக்கப் படுத்து, உதட்டை இறுக மூடி, இந்த உடம்பு செத்தது, செத்தது நானா என்று பார்த்தார். அவர்தான் ரமணர். அது அவருக்குத் தானாக வந்தது, திட்டமிட்ட பயிற்சி இல்லை. படுத்து நடித்துப் பார்ப்பதால் அது கிடைத்துவிடாது. எடுத்துக்கொள்ளக்கூடியது கேள்வியைத்தான்: பயம் வரும்போது "யாருக்குப் பயம்?" என்று திரும்பிப் பார்ப்பது. அவ்வப்போது தன் உடம்பே தன்னுடையதாக இல்லாததுபோல, உலகமே பொய்போலத் தோன்றும் தொந்தரவு உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வியும் வேண்டாம்.

துக்க வீட்டில்

முதல் சில வாரங்களுக்குக் கண்ணை மூடி உட்காரும் எதுவும் வேண்டாம். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் காட்சிதான் வரும். சாயந்திரம் பத்து நிமிடம் செருப்பில்லாமல் வாசலிலோ மொட்டை மாடியிலோ நடந்து, குதிகால், முன்பாதம், விரல் எனத் தரையில் படும் வரிசையைக் கவனித்தால் போதும். அழுகை வந்தால் நின்று, அது தொண்டையிலா நெஞ்சிலா என்று பார்த்து, முடிந்ததும் நடக்கலாம். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டாலோ, நானும் போய்விடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ தியானத்தை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டும் மனநல உதவி எண்கள்.

கட்டிலில் இருப்பவரும் பக்கத்தில் இருப்பவரும்

மூச்சு வாங்குகிறவரிடம் மூச்சைக் கவனி என்று சொல்வது, முழங்கால் உடைந்தவரிடம் நடையைக் கவனி என்று சொல்வதற்குச் சமம். நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, நெஞ்சில் நீர் கோத்த நிலை எதிலும் மூச்சு வேண்டாம். கவனத்துக்கு வேறு இடம் தேடுங்கள்: உள்ளங்கையில் வைத்த ஈரத்துணியின் குளிர்ச்சி, ஃபேன் சத்தம், மடியில் கிடக்கும் கையின் கனம். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம். படுக்கவைக்காமல், மடியில் தலையணை வைத்து முன்னால் சாய்த்து உட்காரவைத்து, சின்ன ஃபேன் காற்று கன்னத்திலும் மூக்கிலும் படும்படி திருப்பினால் பலருக்கு மூச்சுத் திணறலும் தணியும்.

வலிக்கு முதலில் மாத்திரை, பிறகு தியானம். டாக்டர் எழுதித் தந்த மார்ஃபினை விழுங்கி, அது பிடிக்கத் தொடங்கும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உடம்பை வருடிப் பார்க்கச் சொல்லலாம். கட்டி இருக்கும் இடத்தைத் தாண்டிவிட்டு முகம், உள்ளங்கை, பாதம் மட்டும். தியானத்தாலேயே வலியைத் தாங்கச் சொல்லி மருந்தைத் தள்ளிப்போடும் உறவினர்கள் உண்டு, கொடுமை அது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலிநிவாரணப் பராமரிப்பும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நோயாளி தெளிவாகப் பேசும்போதே எந்தச் சிகிச்சை வரை வேண்டும், வென்டிலேட்டர் வேண்டுமா என்று எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்து 2023-ல் எளிதாக்கிய முறைப்படி இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் சான்றும் போதும்.

பார்த்துக்கொள்பவருக்குத் தனியே உட்கார நேரம் இருக்காது. கை கழுவும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அறைக்குள் நுழையும் முன் சோப்பும் தண்ணீரும் படும் இருபது விநாடி, கவனம் முழுக்கக் கையில். பிறகு கட்டில் அருகே, அவர் காது மட்டத்துக்கு உங்கள் முகம் வரும்படி தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, கையை அவர் கைக்கு அடியில் வையுங்கள். மேலே வைத்தால் இழுத்துக்கொள்ள அவருக்குத் தெம்பு இருக்காது. அவர் விரும்பினால், அவர் மூச்சு விடும்போதெல்லாம் நீங்கள் மெதுவாக "ஆ" என்று சொல்லலாம்.

கடைசி நாட்களில் இதை நிறுத்திவிட வேண்டும். மூச்சு ஆழமாகி, பிறகு மேலோட்டமாகி, முழுதாக நின்று, அரை நிமிடம்கூடக் கழித்து மறுபடி தொடங்கும். அதைப் பின்தொடர்ந்தால் உங்களுக்கு மூச்சு முட்டும். கவனத்தை உங்கள் பாதத்துக்குக் கொண்டுபோங்கள். தொண்டையில் கரகரப்பு கேட்டால், விழுங்க முடியாமல் தேங்கிய எச்சில் அது. கேட்பவருக்கு இருக்கும் வேதனை அவருக்குப் பெரும்பாலும் இருக்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். பால் ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கலாம். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டால் சடங்கும் நிறைவேறும், தொண்டையும் அடைக்காது. நினைவு தப்பியவருக்கும் காது கேட்கக்கூடும், அதனால் சொத்துப் பேச்சைக் கூடத்துக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

கடைசி மூச்சு என்று நினைத்த பிறகு இன்னும் ஒன்றிரண்டு வருவது உண்டு. உடனே போனை எடுக்க வேண்டாம். கையை எடுக்காமல் ஐந்து நிமிடம், உங்கள் பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனித்தபடி இருங்கள். அதன்பின் நேரத்தைக் குறித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடலாம். சான்றிதழுக்கு அந்த நேரம் கேட்பார்கள்.